காணாத நாளையும் எழுதுங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

வேலையை விட்டுவிட்டுச் சேரன்மகாதேவிக்கே திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. காலையில் ஆற்றங்கரையில் நடக்கிறேன். புரட்டாசி கடைசி வாரத்தில் படித்துறைக்குக் கீழே உள்ள பாறைகளில் மூன்று பறவைகளைப் பார்த்தேன். ஒன்று பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, நின்ற இடத்திலேயே பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்குச் சாம்பல் முதுகு, வாலடியில் நல்ல மஞ்சள். மூன்றாவது கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு இருந்தது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களிடம் சொன்னேன். “உள்ளானும் வாலாட்டியும்தானே, வழக்கமாக வருவதுதான்” என்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கே ஒருவர் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகின் படம் அனுப்பியதற்குப் பாராட்டு மழை. வழக்கமாக வருவதை எழுதிவைப்பதில் பயன் ஏதும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விராலடிப்பான் மீது எனக்குக் கோபம் இல்லை. பிடித்த மீனைத் தலை முன்னால் வரும்படி காலில் திருப்பி வைத்துக்கொண்டு பறக்கும் பறவையைப் பார்த்தால் யாருக்கும் கை கேமராவுக்குத்தான் போகும். ஆனால் “வழக்கமாக வருவதுதான்” என்றவரிடம் ஒன்று கேட்டிருக்கலாம்: வழக்கமாக என்றைக்கு வரும்? பெரும்பாலும் பதில் இருக்காது.

நீங்கள் பார்த்த மஞ்சள்காரர் கருஞ்சாம்பல் வாலாட்டி. எடை ஏறக்குறைய 18 கிராம், ஓர் எலுமிச்சம்பழத்தில் பாதிகூட இராது. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் ஓடைக்கரைகளில் குஞ்சு பொரித்து முடித்து, ஆவணி புரட்டாசியில் நம் மலையடிவாரத்துக்கு வந்துவிடும். பழுப்பு முதுகோடு நின்ற உள்ளான் அதைவிட அவசரக்காரன். ஆடி முடிவதற்குள்ளேயே முதல் சில வந்து இறங்கிவிடும்.

உங்கள் குறிப்பில் குறை இருப்பதும் இந்த இடத்தில்தான். புரட்டாசி கடைசி என்பது நீங்கள் பார்த்த நாள். பறவை வந்த நாள் எது? அதற்கு முந்தைய வாரம் அதே பாறைகளை நின்று பார்த்து “இன்று வாலாட்டி இல்லை” என்று எழுதியிருந்தால், இந்த வாரக் குறிப்புக்கு மதிப்பே வேறு. வந்த நாளைப் பிடிக்க வேண்டுமானால் வராத நாள்களின் வரிசை கையில் இருக்க வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை. இல்லாத பறவைக்குப் படம் கிடையாது, பாராட்டும் கிடையாது.

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் பதியும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? பலர் யோசிக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போகும் கேள்வி இது. ஆம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று கணக்கில் கொள்ள முடியும். அந்த ‘ஆம்’ பொய்யாகாமல் இருக்கக் காக்கையையும் மைனாவையும்கூட எழுதித்தான் ஆக வேண்டும். எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதும் வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஐப்பசியில் நல்ல மழை. தாமிரபரணி பெருகிப் பாறைகள் மூழ்கிவிட்டன. நான்கு நாள் ஒரு வாலாட்டிகூட இல்லை. கிளம்பிப் போய்விட்டன என்று எழுதிவிட்டேன். ஐந்தாம் நாள் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் போனால், கரையில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கட்டி உழுத வயலில், டிராக்டருக்குப் பின்னால், சேற்றில் கிளம்பும் பூச்சிக்காக மஞ்சள் வாலாட்டிகள் வேறு முப்பது நாற்பது. ஊருக்குப் போனவை என்று நான் எழுதியவை அடுத்த தெருவில் இருந்தன.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நல்ல வேலை, முடிந்தால் நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஜனவரியில் எத்தனை இருந்தன என்பதைத்தான் அது சொல்லும். எப்போது வந்தன என்று சொல்ல, ஆடியிலிருந்து தினமும் அதே படித்துறைக்குப் போகிற ஓர் ஆள் வேண்டும். ஷாம்பு உறைகளையும் பழந்துணிகளையும் தாண்டி அந்தப் பாறைகளைப் பார்க்கிற பொறுமையும் வேண்டும். இரண்டும் உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது.

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதம், “வெள்ளை வாலாட்டி வந்துவிட்டது!!” என்று நண்பர்களுக்கு எழுதினேன், இரண்டு ஆச்சரியக்குறி போட்டு. மூத்த பறவை நோக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“முதுகு என்ன நிறம்?”

“கறுப்பு.”

“அவர் எங்கிருந்தும் வரவில்லை. உங்கள் ஊர்க்காரர்.”

வெள்ளை வாலாட்டிக்கு முகம் வெள்ளை, முதுகு சாம்பல். குளிர்காலத்துக்கு மட்டும் வரும். நான் பார்த்தது வெண்புருவ வாலாட்டி. தலையும் முதுகும் கறுப்பு, கண்ணுக்கு மேல் ஒற்றை விபூதிக் கீற்றுப் போல வெள்ளைக் கோடு. ஆண்டு முழுவதும் இங்கேயே இருந்து, பாறை இடுக்கிலும் பாலத்துச் சந்திலும் கூடு வைக்கிற பறவை. தினமும் என் எதிரிலேயே இருந்திருக்கிறது. நான் எழுதிவைக்காததால் புதிதாக வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் மூன்றாவது பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகு என்ன நிறம்?