ட்ரைகுளோர் தொட்டியும் சாயங்காலத் தலைசுற்றலும்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. கடைசல் முடிந்த பாகங்களைச் சூடான ட்ரைகுளோர் தொட்டியில் இறக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பேன். சாயங்காலம் ஆனால் தலை கிறுகிறுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது. ஒரு பீர் குடித்தாலே முகம் செக்கச்செவேல் என்று ஆகிறது. சூப்பர்வைசரோ, "வாடையே இல்லையே, தினம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிடு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள், பசி அடங்கும். பாலும் வெல்லமும் அப்படித்தான். ஆவி போவது நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்கு. வயிற்றில் இருப்பது அதை என்ன செய்யும்?

நீங்கள் ட்ரைகுளோர் என்று சொல்லும் ட்ரைகுளோரோஎத்திலீன் ஒரு காலத்தில் பிரசவ வலிக்கு மயக்க மருந்தாகவே கொடுக்கப்பட்டது. ஆக, உங்கள் கிறுகிறுப்பு அரை மயக்கம். ஞாயிறன்று தெளிந்து வேலைநாளில் திரும்புகிறது என்றீர்களே, வேலையிடத்தின் மேல் சந்தேகப்பட அதுவே போதும். வாடை தெரியாததில் ஆறுதல் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிப்போய் மணத்தைக் காட்டாமல் விட்டுவிடும். முகம் சிவப்பதும் தொழில் மருத்துவத்தில் தெரிந்த அறிகுறிதான்: மதுவும் ட்ரைகுளோரும் உடைய வேண்டிய வழி கல்லீரலில் ஏறக்குறைய ஒன்றே. நெடுநாள் போனால் கல்லீரல், நரம்பு எல்லாம் பாதிக்கும். சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது.

இனி தொட்டிக்கு வருவோம். 87 டிகிரியில் கொதித்து எழும் ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானது. மேலே உள்ள குளிர்நீர்க் குழாய்கள் அதைத் தடுத்துத் திரும்ப இறக்கும். பக்கத்தில் நின்றுகொண்டு வேர்க்கிறதே என்று பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைத்தால், அந்த ஆவி கலைந்து உங்கள் முகத்துக்கே வரும். கூடையை வெடுக்கென்று தூக்கினாலும் அப்படித்தான். நிமிடத்துக்கு சுமார் 3 மீட்டர், அதற்கு மேல் வேகம் வேண்டாம். ஈரம் சொட்டச் சொட்ட வெளியே எடுக்காதீர்கள். கூரை எக்ஸாஸ்ட்டை நம்பாமல், தொட்டி விளிம்பிலேயே ஆவியை உறிஞ்சும் ஏற்பாடு கேளுங்கள். வேலை இல்லாத நேரம் மூடி போட்டே இருக்கட்டும்.

பக்கத்தில் வெல்டிங் நடந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் இந்த ஆவி பாஸ்ஜீனாக மாறலாம். அது முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற வாயு. பீடியும் அங்கே கூடாது. தொட்டி கழுவ உள்ளே இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடியில் தங்கிய ஆவியில் ஆள் விழுந்தால், தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார்.

கைக்குட்டை, என்95 எதுவும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், கார்ட்ரிட்ஜையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். நீல நிற நைட்ரைல் கையுறையில் இது சீக்கிரமே ஊடுருவிவிடும். 'விட்டான்' (Viton) என்ற ரப்பரில் செய்த கையுறை வேண்டும். விலை கூடுதல்தான், முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ராஜாஜிநகர் மருத்துவமனைக்குப் போய், என்ன கெமிக்கலில் வேலை என்பதைப் பெயரோடு சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையோடு ட்ரைகுளோர் உடலில் உடைந்து உண்டாகும் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அதற்கான மாதிரியைச் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கொடுங்கள். திங்கள் காலை கொடுத்தால் அளவு குறைந்து காட்டும்.