கீரைக்காரம்மாவின் அறுபது ரூபாய்

கேள்வி: அம்மாவுக்கு 77 வயது. மன்னார்குடியில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, 2016ல் காலமானார். போன ஆடி மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். இரவு பகல் கூட இருக்க ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். செலவைப் பிரிப்பதில் எங்கள் மூவருக்குள்ளும் ஆறு மாதமாகச் சண்டை. தங்கை, "கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பங்கு கேட்பதா?" என்கிறாள். தம்பி போனையே எடுப்பதில்லை. அம்மாவின் ஏடிஎம் கார்டு என்னிடம் இருப்பதால் கணக்கு வழக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அவருக்குக் கவலை வேண்டாம் என்று எதையும் அவர் காதில் போடுவதில்லை. கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். கீரைக்காரம்மாவிடம் அம்மா 60 ரூபாய் கடன் வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மறதி நோய் ஆரம்பமோ என்று வேறு பயமாக இருக்கிறது. தம்பி மேல் வழக்குப் போடலாமா? (தாம்பரத்திலிருந்து ஒரு மகன்)

பதில்: கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கணக்குத் தாளைத்தான் முதலில் படித்தேன். ரூல் போட்டு அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சிப் பெண்ணுக்கு 24,000, மருந்து 3,500, மளிகை, பால், கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 6,000, ஆக 33,500. வரவில் அம்மாவின் பென்ஷன் 19,400. துண்டு விழுவது 14,100, ஆளுக்கு 4,700 என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பிசியோதெரபிக்கு வந்தவருக்கு வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும் அதில் இருக்கிறது. அம்மா கைச்செலவுக்கு என்று ஒரு வரி இல்லை.

கார்டு தாம்பரத்தில், உங்கள் பர்ஸில். ஏஜென்சிக்கும் மளிகைக் கடைக்கும் நீங்களே ஜிபேயில் போட்டுவிடுகிறீர்கள். அப்படியிருக்க, காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் உட்காருகிற கீரைக்காரம்மாவுக்கு உங்கள் அம்மா எதை எடுத்துக் கொடுப்பார்? நாளைக்குத் தருகிறேன் என்றுதான் சொல்வார். அவர் பேரில் மாதம் 19,400 ரூபாய் வந்து விழுகிறது, அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு கட்டு முளைக்கீரைக்குக் கடன் சொல்கிறார், அதற்கு நீங்கள் வைத்த பெயர் மறதி நோய்.

திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டு, நானும் இதே தப்பைச் செய்தவள்தான். என் அம்மா பாஸ்புக்கை ஒரு மஞ்சப்பையில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருப்பார். கடைசி நாலு வருஷம் அதைப் "பத்திரமாக" நாங்கள் எடுத்து வைத்துக்கொண்டோம். ஒருநாள் என் மகள் ஊருக்குக் கிளம்பும்போது அம்மா பழக்கதோஷத்தில் தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவினார், அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கையை எடுத்து அவள் தலையில் வைத்து "நல்லா இரு" என்றார். நான் பார்க்காத மாதிரி அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அவருக்குக் கவலை வேண்டாமாம். ஒரு வாத்தியார் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, சீட்டுப் போட்டு, ஒரு கல்யாணமும் நடத்திய மனுஷிக்கு 33,500 ரூபாய்க் கணக்குப் புரியாதா? தம்பியைக் கேட்டீர்கள், தங்கையைக் கேட்டீர்கள், என்னைக் கூடக் கேட்டுவிட்டீர்கள். நாள் முழுக்க ஒரு ஆள் வேண்டுமா, பகலுக்கு மட்டும் போதுமா, ஏதாவது டெபாசிட்டை எடுக்கலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நாலு பக்கக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

கார்டும் ரகசிய எண்ணும் வீட்டு மனிதர்களிடம் கூட இருக்கக்கூடாது என்றுதான் வங்கிகள் சொல்கின்றன. வங்கிக்குப் போக முடியாதே என்பீர்கள். 70 வயது தாண்டியவர்களுக்குப் பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வசதியைச் செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. கிளையில் போய் எழுதிக் கொடுங்கள்.

மறதி பயம் நிஜமாகவே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். தைராய்டு, பி12 குறைவு இவற்றால் கூட ஞாபகம் தடுமாறும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் உங்களுக்குப் பவர் எழுதிக் கொடுத்தாலும் அவருக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறவரைதான் அது செல்லும். நினைவு போய்விட்டால் பவரும் போச்சு, அப்புறம் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். அதனால் டெபாசிட், நாமினி, உயில் எல்லாவற்றையும் இப்போதே, அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுங்கள். மூன்று பேரும் இருக்கும்போது.

இப்போது பணம். காப்பீட்டை நம்பி உட்காராதீர்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் என்று 2024ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் அட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பேசும். வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டி விடுகிற பெண்ணுக்குச் சம்பளம் தராது. பிரஷர், சுகர் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குடும்பப் பென்ஷனில் 80 வயதானதும் 20 சதவீதம் கூடும், அதற்கு மூன்று வருஷம் இருக்கிறது. அதற்குள் ஏஜென்சி எத்தனை தடவை சம்பளத்தை ஏற்றும் என்று யோசித்தீர்களா? இன்றைய 24,000 அப்படியே நின்றால் கூடப் பத்து வருஷத்துக்கு 28,80,000. அந்தப் பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் வந்து இருப்பது என்பதும் உங்கள் தாளில் இல்லை.

ஆளுக்கு 4,700 என்கிற சம பங்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொத்தைப் பிரிக்கும்போது சமமாகப் பிரியுங்கள். பெற்றவளைப் பார்ப்பதில் இருக்கிறவன் கூடப் போட வேண்டும், இல்லாதவன் வந்து பத்து நாள் இருக்க வேண்டும். தங்கை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான் நான். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் கிடையாது. வீடு அப்பா சம்பாதித்ததாக இருந்து, உயிலும் எழுதாமல் போயிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கட்டிக்கொடுத்த பெண் என்று அந்தக் கால் பங்கை அவள் விட்டுவிடுவாளா, கேட்டுப் பாருங்கள்.

தம்பி மேல் வழக்கு? அது ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், முன்னால் போகிற மனு, அதைப் போட வேண்டியவர் அம்மா. முடியாவிட்டால் அவர் யாருக்கு அதிகாரம் கொடுக்கிறாரோ அவர். மாதம் 10,000 வரைக்கும் உத்தரவு போடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அங்கே அதிகாரி அம்மாவைப் பார்த்து, "உங்கள் பென்ஷன் யாரிடம் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்கப்போவது உங்கள் தம்பி அல்ல.

இந்தச் சனிக்கிழமையே மன்னார்குடிக்குப் போங்கள். கார்டையும் பாஸ்புக்கையும் அம்மா கையில் கொடுங்கள். மாதா மாதம் 1,500 ரூபாய், பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றி, அவர் தலையணைக்கடியில் இருக்கட்டும், கணக்குக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரைக்காரம்மா வரும்போது நீங்கள் சட்டைப் பையில் கைவிட வேண்டாம். அம்மா எடுத்துக் கொடுக்கட்டும்.