உலைக்குள் எது எதைப் பார்க்கிறது?

கேள்வி: கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பயிற்சிப் பொறியாளராக இருக்கிறேன். பில்லட்டுகளை, அதாவது கம்பியாக உருட்டப்படும் நீண்ட எஃகுக் கட்டைகளைச் சூடாக்கும் உலையின் கதிர்வீச்சு வெப்பத்தைக் கணினியில் கணக்கிட, சுவர்களையும் பில்லட்டுகளையும் 1,000 துண்டுகளாகப் பிரித்தேன். கணக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது. வடிவியலைக் கொண்டு இதைச் சுருக்க இயலுமா? – வாசகர், ஆரம்பாக்கம்.

பதில்: தாராளமாக இயலும். 1,200 டிகிரி செல்சியஸில் ஒரு கரும்பரப்பு (தன்மேல் விழும் கதிர்வீச்சை முழுதும் உறிஞ்சும் பரப்பு) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 267 கிலோவாட் வெப்பத்தை உமிழ்கிறது என்பதை ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி ஒரே வரியில் சொல்லிவிடும். ஒரு துண்டிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எத்தனை பங்கு இன்னொரு துண்டைச் சேர்கிறது என்னும் வியூ ஃபாக்டரைக் காண்பதில்தான் நேரம் கரைகிறது. அதில் வெப்பநிலைக்கு இடமே இல்லை. அது முழுக்க வடிவத்தைச் சார்ந்தது. ஆகவே உலையின் அமைப்பு மாறாத வரை அதை ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துக்கொண்டால் போதும்.

முதல் துண்டின் பரப்பையும் அதன் வியூ ஃபாக்டரையும் பெருக்கினால் வருவதும், எதிர்த்துண்டுக்கு அவ்வாறே பெருக்கினால் வருவதும் சமம் என்பதால், 4,99,500 இணைகளைப் பார்த்தாலே போதும். அவற்றிலும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பவற்றை உடனே தள்ளிவிடலாம். எஞ்சிய ஒவ்வோர் இணைக்கும் மற்ற எல்லாத் துண்டுகளும் மறைக்கின்றனவா என்று சோதித்தால் கோடிக்கணக்கான சோதனைகள் சேரும். உங்கள் நிரல் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். அருகருகே உள்ள துண்டுகளைப் பெட்டிகளாகவும், அப்பெட்டிகளை இன்னும் பெரிய பெட்டிகளாகவும் மர அமைப்பில் அடுக்குங்கள்; இரு துண்டுகளுக்கிடையே செல்லும் கதிர் தொடாத பெட்டிக்குள் இருப்பவை அனைத்தும் ஒரே சோதனையில் விலகிவிடும்.

ஆனால் உங்கள் உலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எம்.ஐ.டி. பேராசிரியர் ஹாட்டலின் குறுக்கு நூல் முறையைத்தான். பில்லட்டுகள் நீளமானவை, குறுக்குவெட்டு மாறாதவை என்பதால் முப்பரிமாணக் கணக்கை ஒரு தளத்துக்குள் அடக்கிவிடலாம். அங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு கோடாகிவிடும். இரு கோடுகளின் முனைகளைக் குறுக்காக இணைக்கும் கற்பனை நூல்களின் மொத்த நீளத்திலிருந்து நேராக இணைக்கும் நூல்களின் மொத்த நீளத்தைக் கழித்து, முதல் கோட்டின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் விடை வந்துவிடும். ஒரு மீட்டர் அகலமுள்ள இரு பட்டைகள் ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இருந்தால் விடை 0.414. பக்கத்திலிருந்து வேறொரு பில்லட் குறுக்கிட்டால், நூல் அதன் மூலையைத் தொட்டு இழுபட்டு நிற்கும். அதாவது தடையைச் சுற்றிச் செல்லும் மிகக் குறுகிய பாதையைக் காணும் கணக்காக அது மாறுகிறது. கணினி வடிவியலில் அதற்குத் தேர்ந்த வழிமுறைகள் உண்டு.

உலைப் புகையிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் கதிர்வீச்சை உறிஞ்சி உமிழ்வதை இம்முறைகள் கணக்கில் கொள்வதில்லை; அதைத் தனியே சேர்த்தாக வேண்டும். நிரல் எழுதி முடித்ததும், மூடிய உலையில் ஒவ்வொரு துண்டின் வியூ ஃபாக்டர்களையும் கூட்டிப் பாருங்கள். 1 வராத துண்டைச் சுற்றி ஏதோ ஓர் இணை விடுபட்டிருக்கிறது அல்லது தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.