முந்தி முதிர்வது நல்லதுதானே?

கேள்வி: என் தங்கையின் மகளுக்கு 4 வயது, இன்னும் பேச்சு வரவில்லை. சோறு தீத்தும்போது திடீரென்று இமைகள் படபடக்க, பார்வை நிலைகுத்தி நிற்கும். சில நொடிகளில் மீண்டும் வாயைத் திறப்பாள். சின்காப்-1 என்னும் மரபணுவில் விகாரம் இருப்பதாகவும், அதனால் மூளைக் கலங்களின் இணைப்புகள் வேளைக்கு முன்பே முதிர்ந்துவிடுவதாகவும் வைத்தியர் சொன்னார். முந்தி முதிர்வது நல்லதுதானே? கர்ப்பகாலத்தில் தங்கை விட்ட பிழைதான் காரணம் என்று உறவினர் சொல்வது உண்மையா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உறவினரின் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் தங்கையை அதுவே அதிகம் வாட்டிக்கொண்டிருக்கும். சின்காப்-1 விகாரங்களில் பெரும்பாலானவை பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றுபவை. மரபுச் செய்தி பிரதியெடுக்கப்படும்போது தற்செயலாக நேரும் எழுத்துப்பிழை அது. தாய் உண்டதோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ அதற்குக் காரணமல்ல. 2009ஆம் ஆண்டில் மொன்றியல் ஆய்வாளர்கள் இந்த மரபணுவை அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுடன் முதன்முதலில் தொடர்புபடுத்தியபோது கண்டவையும் இத்தகைய புதிய விகாரங்களே.

இனி உங்கள் முதற் கேள்வி. எலியின் மூளைப் புறணியில் நரம்பிணைப்புகள் சில வாரங்களில் முதிர்ந்துவிடும். மனிதரிலோ அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. இந்தத் தாமதம் குறையன்று, நமக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன். தாயின் குரலையும் மொழியையும் முகங்களையும் குழந்தை உள்வாங்கும் அந்த நீண்ட காலத்தில்தான் எந்த இணைப்பு வலுப்பெற வேண்டும், எது களையப்பட வேண்டும் என்பது தீர்மானமாகிறது. சின்காப்-1 தரும் புரதம், இணைப்பில் செய்தியைப் பெறும் கலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு, இணைப்பு அவசரப்பட்டு வலுவடையாதபடி தடுப்புப் போடுகிறது. இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் புரதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, அந்தத் தடுப்புத் தளர்ந்துவிடுகிறது. பூசிய சீமெந்து, மேசன் மட்டப்பலகை இழுக்கும் முன்பே இறுகிவிட்டால் சுவர் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் மூளை வளர்ச்சி ஆய்வாளர் பியர் வாண்டர்ஹேகனின் குழுவினர், ஒரு பிரதி பழுதான மனித நரம்புக்கலங்களை எலிக்குஞ்சுகளின் மூளையில் பதித்து, மாதக்கணக்கில் கண்காணித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். அக்கலங்களின் இணைப்புகள் விரைந்து முதிர்ந்தன. கண்ணுக்குக் காட்டிய காட்சிகளுக்கு அவை பல மாதங்கள் முன்னதாகவே துலங்கத் தொடங்கின. ஆனால், அனுபவத்துக்கேற்ப மாறும் நெகிழ்வு குலைந்திருந்தது. (எல்லா விகாரங்களும் இப்படியல்ல, அறிவுவளர்ச்சியைப் பாதிக்கும் இன்னொரு மரபணு நோயான ஃபிரஜைல் எக்ஸில், நரம்பிணைப்பு அமையும் நுண்ணிய முட்கள் மெலிந்து நீண்டு, முதிராத தோற்றத்திலேயே இருக்கும்.)

நீங்கள் விவரித்த அந்த நிலைகுத்தல் அடமன்று, வலிப்பாக இருக்கக்கூடும். சின்காப்-1 பிள்ளைகள் சிலருக்கு உண்ணும்போதே வலிப்புத் தூண்டப்படுகிறது. அவ்வேளையில் தீத்துவதை நிறுத்தி, தெளிந்த பின்னரே தொடருங்கள். கைத்தொலைபேசியில் அதைப் படம்பிடித்து நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து தந்திருந்தால் அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். பேச்சுப் பயிற்சியையும் தாமதிக்க வேண்டாம். தங்கை இன்னொரு பிள்ளையை விரும்பினால், பெற்றோர் இருவரும் முன்னதாக மரபணு ஆலோசனை பெறட்டும். மீண்டும் நேரும் வாய்ப்புக் குறைவு, எனினும் விகாரம் பெற்றோரின் கருவணுக்கள் (முட்டை, விந்து) சிலவற்றில் மட்டும் மறைந்திருக்கக்கூடும்.