லிங்கன் வீட்டின் மரச்சட்டகம்

கேள்வி: அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த மர வீடு முதலில் சிறியதாக இருந்தது என்றும், பின்னர்தான் மாடி எழுப்பப்பட்டது என்றும் படித்தேன். சுவரே பலகையாக இருக்கும்போது அதன்மேல் மாடியை எப்படி ஏற்றினார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த வீட்டில் சுமையைத் தாங்குவது பலகைச் சுவர் அன்று, அதற்குள் மறைந்திருக்கும் மரச்சட்டகம். மரத்தூண்களையும் உத்திரங்களையும் இணைத்து முதலில் கூட்டை நிறுத்திவிடுவார்கள். வெளிப்புறத்தில் ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்று படியுமாறு அறையப்படும் பலகைகள் மழைநீரை வழியவிடுவதற்கானவை. உட்புறத்தில் மெல்லிய ரீப்பர்களைச் சிறு இடைவெளிவிட்டு அடித்து, அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். இடைவெளிகளின் வழியே பின்னால் பிதுங்கி இறுகும் சாந்துதான் பூச்சு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

1839-இல் கட்டப்பட்ட இவ்வீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ற மரத்தைத் தச்சர்கள் தேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. சட்டகத்துக்கும் தரைக்கும் உறுதியான ஓக். ரீப்பர்களுக்கு வளைந்தாலும் எளிதில் முறியாத ஹிக்கரி. கதவு, சன்னல் நிலைகளுக்கும் வெளிப்பலகைகளுக்கும் பெரும்பாலும் கறுப்பு வால்நட். இன்று விலையுயர்ந்த அறைகலன்களுக்கு மட்டுமே வாங்கப்படும் வால்நட்டை அன்று மழையில் நனையும் சுவருக்கு அறைந்திருக்கிறார்கள் என்றால், ஸ்பிரிங்ஃபீல்டு அமைந்துள்ள இல்லினாய் மாநிலத்தில் அம்மரம் எவ்வளவு மலிந்திருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1844-இல் லிங்கன் வாங்கியபோது இது ஒன்றரை அடுக்கு வீடு; மேல் அறைகள் சாய்கூரையின் அடியில் ஒடுங்கியிருந்தன. 1856-இல் கூரையை உயர்த்தி, மேல்தளத்தை முழு அடுக்காக மாற்றினார்கள். செலவு ஏறத்தாழ 1,300 டாலர். வீடு வாங்கிய விலையை நெருங்கும் தொகை. கல் சுவராயின் புதிய சுமைக்கு அடித்தளம் ஈடுகொடுக்குமா என்பதே முதல் கவலையாக இருந்திருக்கும். எடை குறைந்த சட்டகத்திலோ, பழைய மரங்களோடு புதிய மரங்களைப் பொருத்தி உயரத்தைக் கூட்டுவது தச்சர்களின் வழக்கமான வேலைதான். வழக்கறிஞராக வெளியூர் நீதிமன்றங்களுக்குச் சென்று திரும்பிய லிங்கன், அண்டை வீட்டாரிடம் "லிங்கன் வீடு எது?" என்று விளையாட்டாகக் கேட்டதாக ஒரு கதை உண்டு, உண்மையோ பொய்யோ, வீட்டின் தோற்றம் அந்த அளவுக்கு மாறியிருந்தது.

1887-இல் மகன் ராபர்ட் இவ்வீட்டை மாநில அரசுக்கு அளித்தார். நன்கு பராமரிக்க வேண்டும், பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். 1972 முதல் அமெரிக்க நடுவண் அரசின் தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பில் உள்ள இவ்வீட்டை இன்றும் இலவசமாகவே பார்க்கலாம்.