ரீல்ஃபுட் ஏரியில் கிராப்பி மீன் பிடிக்க எந்த மாதம் நல்லது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன், அங்குள்ள ரீல்ஃபுட் ஏரியில் கிராப்பி என்ற நன்னீர் மீன் எப்போது சிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு மாதம்தான் போக முடியும் என்றால், ஏப்ரல்.

காரணம் தண்ணீரின் சூடு. அது 16 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டும்போது கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். ஆண் மீன் உடம்பு கறுத்து, கூட்டுக்குக் காவல் நிற்கும். 1811-12 நிலநடுக்கங்களில் தரை தாழ்ந்து உருவான ஏரி இது. ஆழம் குறைவு, சைப்ரஸ் மரங்களும் மூழ்கிய அடிக்கட்டைகளும் ஏராளம். மீன் ஒண்டுவது அங்கேதான். படகை மெதுவாக ஓட்டுங்கள், கட்டை கண்ணுக்குத் தெரியாது.

தக்கை கட்டி, உயிருள்ள சின்ன மீனின் உதட்டில் தூண்டில் முள்ளைக் கோத்து, மரத்தை ஒட்டி இறக்குங்கள். கிராப்பி மேலே பார்த்துத்தான் இரை தேடும். அதனால் இரை அதன் தலைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும்; கீழே போய்விட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தக்கை அமிழாமல் சும்மா படுத்துக்கொண்டாலும் கடிதான், மீன் இரையோடு மேலே வந்திருக்கிறது. வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாய்ச்சதை காகிதம்போல மெல்லியது, கிழிந்துவிடும். கைவலையால் அள்ளுங்கள்.

கோடையில் விடியற்காலை பரவாயில்லை. இலையுதிர் காலத்தில் ஷாட் மீன்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு மறுபடி சுறுசுறுப்பாகும். குளிர்காலத்தில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். கூட்டத்தைக் கண்டுபிடித்தால் நல்ல வேட்டை, விரல்தான் விறைத்துப்போகும்.

அப்புறம், டென்னசி மீன்பிடி உரிமம் வாங்காமல் போகாதீர்கள். எத்தனை மீன், எந்த நீளம் என்ற வரம்பு ஏரிக்கு ஏரி மாறும். அந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.