வாசகர் கேள்வி - பதில்: பிரிஃபான்டெய்னின் பயிற்சியாளர் யார்?

கேள்வி: அமெரிக்க ஓட்ட வீரர் ஸ்டீவ் பிரிஃபான்டெய்னை உருவாக்கியவர் பில் பௌர்மன் என்று சிலர் எழுதுகிறார்கள்; பில் டெலிஞ்சர் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இவர்களில் யார் சரி? இவர்களும் ஒரு காலத்தில் ஓடியவர்கள்தானா?
– உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: இரு தரப்பினரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். பிரிஃபான்டெய்ன் 1969-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளர் பௌர்மன்; அவருக்குத் துணையாக நின்று நெடுந்தூர ஓட்டக்காரர்களைக் கவனித்துக்கொண்டவர் டெலிஞ்சர். பௌர்மன் அதற்குள் காலணி நிறுவனம் ஒன்றின் பங்காளியாகவும் ஆகியிருந்தார். பின்னாளில் நைக்கி என்று உலகம் அறிந்தது அந்த நிறுவனத்தைத்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தடகள அணியின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆகவே காலையும் மாலையும் தடத்தருகே கையில் நேரக்கடிகாரத்துடன் நின்றவர் யார் என்று கேட்டால், டெலிஞ்சரின் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை எனக்கே சற்று வியப்பளித்தது. ஒரு நாள் கடும் பயிற்சி, மறுநாள் இலகுவான ஓட்டம் என்ற முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவரும், நெடுந்தூர ஓட்டக்காரர்களின் குருவாகப் போற்றப்படுபவருமான பௌர்மன், மாணவப் பருவத்தில் நெடுந்தூரம் ஓடியவரே அல்லர். அவர் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், தடத்தில் கால் மைல் ஓடியவர். டெலிஞ்சரின் கதை வேறு. 1934-இல் பிறந்து, பல்கலைக்கழகம் இருக்கும் யூஜீனை ஒட்டிய ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்த அவர், பௌர்மனிடமே மாணவராகச் சேர்ந்து, 1954-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான மைல் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ என மூன்று ஒலிம்பிக்குகளில் 5,000 மீட்டர் ஓடினார்; முதல் இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை, மூன்றாவதில், தம் 30-ஆம் வயதில், வெண்கலம் வென்றார்.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே தனிப் பயிற்சியாளர் இருக்கிறாராமே? ஆண்டு முழுவதும் அவருக்கு என்ன வேலை இருக்கும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: வேலைக்குக் குறைவில்லை. இலையுதிர் காலத்தில் புல்வெளியிலும் மேடுபள்ளங்களிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கத் தடகளம், வசந்தத்தில் திறந்தவெளித் தடகளம் என்று மூன்று பருவங்களிலும் ஓடுபவர்கள் பெரும்பாலும் அதே மாணவர்கள்தாம். அவர்கள் கால்களைக் காயமின்றிக் காப்பதோடு, அடுத்த ஆண்டுக்கான பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்து வருவதும் அவர் கடமையே.

டெலிஞ்சர் இந்தப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர். முதலில் பள்ளியில் பயிற்சியளித்தார். பிறகு ஓரிகனில் துணைப் பயிற்சியாளரானார். பௌர்மன் விலகியபின் 1973 முதல் 1998 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1971, 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் ஓரிகன் அணி தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றபோது ஓடியவர்கள் அவர் கைப்பக்குவத்தில் வளர்ந்தவர்கள். 1980 முதல் 1982 வரை நியூயார்க் மாரத்தானைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற ஆல்பர்ட்டோ சலாசரும் அவருடைய மாணவரே. 1984-இல் ஓரிகன் தேசியத் தடகளப் பட்டத்தையும் வென்றது. ஆனால் அந்த ஆண்டு ஓரிகன் அணிக்காக ஓடி 800 மீட்டரிலும் 1,500 மீட்டரிலும் வென்ற பிரேசில் வீரர் ஜோவாகிம் குரூஸுக்குச் சொந்தப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பயிற்சியாளர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவராக இருந்தால் மாணவருக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா?
– தடகள ஆர்வலர், திருச்சி

பதில்: டெலிஞ்சரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘முப்பது நாற்பது’ என்ற பயிற்சியில், 200 மீட்டரை 30 நொடியிலும் அடுத்த 200 மீட்டரை 40 நொடியிலும் ஓடி, இடையில் நிற்காமல், அந்த வேகம் கைவிட்டுப் போகும் வரை மாறி மாறித் தொடர வேண்டும். சராசரியாகப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 70 நொடிதானே என்று தோன்றும். ஆனால் இளைப்பாறுவதற்கென விடப்பட்ட அந்த 40 நொடியே கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 நொடி என்ற வேகம். நம்மில் பலரால் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக்கூட ஓடி முடிக்க இயலாது. போட்டியின் நடுவே எதிராளி திடீரென வேகமெடுக்கும்போது அவரோடு போகவும், போனபின் ஓடிக்கொண்டே மூச்சை மீட்கவும் உடல் பழகுகிறது. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் இப்படித்தான் வேகத்தை ஏற்றி இறக்கி மற்றவர்களைக் களைக்க வைக்கப் பார்த்தார். அதைக் கூடவே ஓடிச் சமாளித்தவர்களுள் டெலிஞ்சரும் ஒருவர்.

அன்று மழை பெய்து கரித்தூள் தடம் சேறாகிக் கிடந்தது. கடைசிச் சுற்றில் பிரான்சின் மிஷேல் ஜாஸி எல்லோரையும் விட்டுப் பாய்ந்து முன்னே போனார். ஆனால் இறுதி நேர்ப்பாதையில் அவர் கால்கள் கனத்துவிட, அமெரிக்காவின் பாப் ஷூல் 13 நிமிடம் 48.8 நொடியில் தங்கத்தையும், ஜெர்மனியின் ஹரால்ட் நோர்போத் வெள்ளியையும் எடுத்துக்கொண்டார்கள். கோட்டருகே ஜாஸியை எட்டிப் பிடித்து வெண்கலத்தைப் பறித்தவர் டெலிஞ்சர். இருவருக்கும் குறிக்கப்பட்ட நேரம் 13 நிமிடம் 49.8 நொடி.

எட்டு ஆண்டுகள் கழித்து மியூனிக்கில், அதே 5,000 மீட்டரில், 21 வயது பிரிஃபான்டெய்ன் கடைசி மைலை 4 நிமிடத்துக்குள் ஓடப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்த மைல் தொடங்கியதும் முன்னிலைக்கு வந்து வேகத்தைக் கூட்டினார். இறுதிச் சுற்றிலும் காத்திருக்க மனமில்லாமல் தங்கத்துக்காகவே திரும்பத் திரும்ப முயன்றார். பின்லாந்தின் லாஸே வீரன் முதலிலும் துனீசியாவின் முகமது கமூதி இரண்டாவதாகவும் முடித்தனர். வெள்ளிக்கோ வெண்கலத்துக்கோ ஓடியிருந்தால் ஒன்று நிச்சயம் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. கடைசிச் சில மீட்டர்களில் பிரிட்டனின் இயன் ஸ்டூவர்ட் பின்னாலிருந்து வந்து, டோக்கியோவில் ஜாஸிக்கு டெலிஞ்சர் செய்ததை, டெலிஞ்சரின் மாணவருக்குச் செய்தார். பிரிஃபான்டெய்ன் 13 நிமிடம் 28.4 நொடியில் நான்காவதாக முடித்தார்.